சிற்றணையும் உடையவர் கடமையும்

கொசத்தலையாறு வடசென்னையின் ஓரமாக வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலுள்ள என் மாமாவின் ஊருக்குப் போகும்போது, மழைக்காலமாக இருந்தால் வல்லூர் அணைக்கட்டில் நின்று பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். நீர் வழிந்து விழும் அழகு கண்ணுக்கு விருந்தாகும்.

மாமாவின் பட்டா நிலத்திலும் ஓர் அணை உண்டு. தாத்தா காலத்தில் ஓடையின் குறுக்கே போட்ட மண்கரை அது. ஒரு மதகு, ஒரு கலிங்கல், பத்து ஏக்கர் பாசனம், அவ்வளவுதான். ஓர் ஐப்பசியில், கூடுதலாக ஓரடி நீர் நிற்கட்டும் என்று கலிங்கலின் மேல் பலகையும் மணல் மூட்டையும் அடுக்கியிருந்தார். "கரைமேல் கொஞ்சம் வழிந்தால் என்ன மாமா? வல்லூரிலும் வழிகிறதே!" என்றேன். அருகில் நின்ற முதியவர், ஊரின் நீர்க்கட்டி, "அது கல்லுக் கட்டடம் தம்பி, இது மண்ணு" என்றார். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மண்கரை உடைவது எப்படி?

கல்லும் காரையும் கொண்டு எழுப்பிய அணைக்கட்டு, நீர் தன்மேல் வழிந்தோடவே கட்டப்படுவது. மண்கரைக்கு அதுவே எமன். உச்சியில் வழியும் நீர் முதலில் வெளிச்சரிவின் மண்ணைக் கரைக்கும்; பின் சிறு வாய்க்காலாக வெட்டும்; சில மணி நேரத்தில் கரையையே இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவேதான் கலிங்கலின் மட்டம் கரையின் உச்சியைவிடத் தாழ்வாக வைக்கப்படுகிறது. அந்த இடைவெளி வீணான இடமன்று. பெருமழைக்கும் அலைக்கும் விடப்பட்ட பாதுகாப்பு. கலிங்கலை அடைப்பவர் நீரைச் சேமிக்கவில்லை. அந்தப் பாதுகாப்பைச் செலவழிக்கிறார்.

இரண்டாவது பகை கசிவு. எல்லா மண்கரையும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிவாக இருந்து, அளவும் மாறாமல் இருந்தால் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. கலங்கி வந்தால், கரையின் உள்மண் வெளியேறுகிறது என்பது பொருள். நண்டு வளை, எலிப்பொந்து, பட்டுப்போன மரத்தின் வேர், மதகுக் குழாயின் பக்கவாட்டு இடுக்கு ஆகியவை இதற்கு வழி திறப்பன. வெளியே சிறு ஊற்றாகத் தெரிவது, உள்ளே குழாய்போல் நீண்டு நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் கரை நிற்காது.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே, செல்வர்களின் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான மண்ணணை இருந்தது. அடியில் நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. வண்டி செல்வதற்காகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டிருந்தது. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கலில் கம்பி வலை போடப்பட்டிருந்தது. 1889 மே 31 அன்று பெருமழையில் வலையைக் குப்பை அடைத்தது. கரைமேல் நீர் வழிந்தது. அணை உடைந்து 2,209 பேர் மாண்டனர். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸில் 1925இல் ஓர் ஆலைக்குச் சொந்தமான அணைகள் உடைந்து 16 பேர் இறந்த பிறகே, 1930இல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கென்யாவின் சோலாய் என்னுமிடத்தில் 2018 மே மாதம் தனியார் பண்ணையின் பாசன அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில வகைகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். மாமாவின் கரை போன்றவற்றுக்கு உடையவரின் மனச்சான்றே காவல்.

நம் முன்னோர் இதை உணராதவர்கள் அல்லர். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. பிற்காலத்தில் ஊரார் கூடிக் கரை செப்பனிட்ட குடிமராமத்தை நாம் அறிவோம்.

செய்ய வேண்டுவன

கோடையில் நீர் வற்றியதும் கரையை முழுதும் நடந்து பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் மேலே மண்ணைக் கொட்டினால் போதாது. புல்லைச் செதுக்கி, சரிவைப் படிபோல் வெட்டி, அரையடி கனத்தில் மண் பரப்பி, ஈரமாக்கித் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கரைமேல் மரம் வளர விடலாகாது, புல் இருக்கலாம். பெரிய மரத்தை வெட்டினால் வேரையும் தோண்டியெடுத்துக் குழியை இறுக நிரப்ப வேண்டும். இல்லையேல் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகும். மதகின் பலகையை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கலிங்கலில் குப்பையோ பலகையோ கூடாது.

மழைக்காலத்தில் கலங்கல் ஊற்றுக் கண்டால் களிமண்ணால் அடைக்கக் கூடாது. நீர் வேறிடத்தில் பீறிடும். ஊற்றின்மேல் முதலில் மணல், அதன்மேல் சரளை பரப்பினால் நீர் வெளியேறும், மண் நின்றுவிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினால் வேகம் குறையும். உடனே மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்க வேண்டும். ஆனால் மிக விரைவாக இறக்கினால் நனைந்த உட்சரிவு சரியக்கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாமாவின் கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் உள்ளன. அவர்களுக்கு அந்த நீரில் ஒரு குடம்கூடப் பங்கில்லை. ஆபத்தில் மட்டும் முழுப் பங்கு. இதை நான் சொன்னபோது மாமா சிறிது நேரம் பேசவில்லை. "ஓரடித் தண்ணி போனா ஒரு தடவை பாய்ச்சல் குறையும்டா" என்றார். பிறகு அவரே இறங்கிப் பலகையை எடுத்தார். நானும் நீர்க்கட்டித் தாத்தாவும் மூட்டைகளை அகற்றினோம். அவ்வாண்டு கடைசி வயலில் நெல் சற்றுக் காய்ந்தது உண்மைதான்.

மாணவ நண்பர்களே! 2021 நவம்பரில் கொசத்தலையாறு பெருகி மணலி புதுநகருக்குள் புகுந்ததைக் கண்டவர்கள் நாம். ஆற்றின் கடைக்கோடியில் வாழும் நமக்கு, மேலேயுள்ளவர் செய்வதும் செய்யாததும் வந்து சேரும். உங்கள் ஊரிலும் இத்தகைய சிறு கரைகள் இருக்கும். விடுமுறைக்குச் செல்லும்போது ஒருமுறை அவற்றின்மேல் நடந்து பாருங்கள். கலிங்கல் திறந்திருக்கிறதா, கசியும் நீர் தெளிந்திருக்கிறதா என்னும் இரு கேள்விகளைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.