தண்ணீர் குடிக்காத பயணம்

மே மாதம் பிறந்தால் டில்லித் தமிழர் வீடுகளில் மூட்டை கட்டும் படலம் ஆரம்பம். சென்ற ஆண்டு நாங்களும் சென்னைக்கு ரயில் ஏறினோம். இரண்டு இரவு, ஒரு பகல். புளியோதரையும் தயிர்சாதமும் காலியாயின. என் மனைவி மட்டும் தண்ணீரைத் தொடவில்லை. "குடித்தால் அந்தக் கழிப்பறைக்குப் போகணுமே!" என்றாள். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஊர் சேர்ந்த மறுநாள் நீர்க்கடுப்பு, அடுத்த நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி. "கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது" என்றார் மருத்துவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதுகெலும்பின் இருபுறமும் கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள், பெயர் நெஃப்ரான். இரத்தத்திலிருந்து இவை ஒரு நாளில் வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர், அதாவது பன்னிரண்டு குடம்! வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்தான். மீதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. சிக்கனத்தில் நம் பாட்டிமார்கூடத் தோற்றார்கள்!

தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து, "இன்னும் இறுக்கிப் பிடி" என்கிறது. சிறுநீர் குறைந்து, அடர்மஞ்சளாகிறது. அதிலுள்ள உப்புகள் படிகமானால் கல்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுநீரின் ஓட்டம் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடும். பெண்களுக்கு வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கோ 20. எனவே கிருமி நுழைவது பெண்களிடம் எளிது. தண்ணீரும் குடிக்காமல், மணிக்கணக்கில் அடக்கியும் வைத்தால், அது சிறுநீர்ப்பையில் பெருகி மேலே ஏறுகிறது.

திரும்பி வரும்போது கழிப்பறையில் நானே தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்து, வாசலில் காவல் நின்றேன். மனைவி தாராளமாகத் தண்ணீர் குடித்தாள்.

டில்லி வந்தபின்தான் கவனித்தேன்: பள்ளியிலிருந்து மகளின் தண்ணீர்ப் புட்டி தினமும் நிறைந்தபடியே திரும்பியது. கேட்டால், "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அப்பா." நேரில் போய்ப் பேசினேன். தாழ்ப்பாள் வந்தது, புட்டி இப்போது காலியாக வருகிறது.

இருதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவிலேயே குடிக்கவேண்டும். மற்றவர்கள், இன்று மாலை உங்கள் குழந்தையின் புட்டியைத் திறந்து பாருங்கள்.