எருமைத் தோல் யாருக்கு?

"அவனுக்கு எருமைத் தோல்! எதுவும் உறைக்காது!" என்று நாம் ஏசுகிறோம். ஆங்கிலேயரும் 'தடித்த தோல்காரன்' என்பார்கள். ஏச்சுக்குக் கலங்காதவன் என்று, அதையே புகழ்ச்சியாகவும் சொல்வதுண்டு.

வேலூருக்கு அருகே, இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது மேல்விஷாரம். தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன ஊர். தோல் தொழிலில் 'தடித்த தோல்' வசவல்ல, சரக்கு! எருமைத் தோல் கனமானது. ஆட்டுத் தோல் மெல்லியது. எதுவானாலும் சுண்ணாம்பில் ஊற வைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிடுவார்கள்.

அந்தச் சுண்ணாம்பு, தொழிலாளியின் கையையும் அரிக்கும். குரோமியம் பட்டுப் பட்டுப் புண்ணும் வரலாம். "அவருக்கென்ன, பழகிப்போன தோல்!" என்று சும்மா இருக்கலாமா? ரப்பர் கையுறை அவசியம்.

சொல்லைத் தாங்க மனம் தடிக்கலாம். சுண்ணாம்பைத் தாங்கும் தோல் எந்த மனிதனுக்கும் இல்லை!