செயலிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறை

கணினி ஒன்றிற் பல செயலிகள் ஒருங்கே இயங்குமிடத்து, ஒன்று மற்றொன்றன் பணியை இடைமறித்துச் செய்தி உணர்த்துதல் வேண்டும். இதுவே செயலியிடைக் குறுக்கீடு எனப்படும். நினைவகப் பக்க அட்டவணையை ஒரு செயலி மாற்றியபின், ஏனையவை தம்மிடமுள்ள பழைய குறிப்பைக் களையாவிடின் தரவு சிதையும். ஆதலின் அழைப்புத் தவறாது சென்றடைதல் இன்றியமையாதது.

வன்பொருளின் அமைப்பை லினக்ஸ் கருவகம் பல பொறிகளிற் கருவிமரம் என்னும் விவரணக் கோப்பினின்று அறிகின்றது. அதன்கண் இக்குறுக்கீடு எங்ஙனம் குறிக்கப்படும்? ஆர்ம் பொறிகளின் ஜி.ஐ.சி. என்னும் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் 0 முதல் 15 வரையுள்ள எண்கள் இதற்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கோப்பில் எழுதுவதில்லை. றிஸ்க்-வி பொறிகளிலோ, கிளின்ற் என்னும் உறுப்பின் கீழ், ஒவ்வொரு செயலிக்கும் 3 என்னும் குறுக்கீட்டெண் எழுதப்படும். அது பிழைபடின் அழைப்பு உரிய செயலியைச் சேராது. எனவே, இக்கோப்பெழுதுவோர் வன்பொருள் நூலை ஐயந்திரிபறக் கற்றல் கடன்.