மருதானையில் ஒரு மண்டபம் பிழைத்தது, மற்றவை?

கடந்த மாதம் மோட்டார் சைக்கிளுக்கு உதிரிப்பாகம் வாங்க பஞ்சிகாவத்தைக்குப் போயிருந்தேன். பத்து வயது மகனும் கூட வந்தான். கடைக்காரர் சாமான் தேடி எடுக்கும்வரை வெளியே நின்றவன், "வாப்பா, அந்தப் பழைய பில்டிங் என்ன?" என்று கேட்டான். அவன் காட்டியது டவர் மண்டபம். "நாடகம் போடுற இடம்" என்று சொல்லிவிட்டேன். மூன்று தலைமுறையாக மருதானையில் வாழும் குடும்பம் எங்களுடையது. அவ்வளவுதானா எனக்குச் சொல்லத் தெரிந்தது என்ற வெட்கத்தில் எழுதுவதே இக்கட்டுரை.

மருதானையின் வரலாறு என்றால் நாம் 1892 இல் ஆரம்பித்த சாஹிராவையும் பள்ளிவாசலையும் சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்கிறோம். அவற்றிலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில் நிற்கும் டவர் மண்டபத்தை "அது சிங்கள நாடகக்காரர்களுடைய இடம்" என்று ஒதுக்கி விடுகிறோம். சிங்கள நாடகக்காரர்களின் இடம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாடகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை கொஞ்சம் விரியும்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்தன. அவர்கள் மேடையேற்றியவற்றில் மிகவும் பேசப்பட்டது 'இந்தர் சபா'. லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷாவின் காலத்தில் ஆகா ஹசன் அமானத் உர்துவில் எழுதிய இசை நாடகம் அது. வசனத்தை விடப் பாட்டு அதிகம். பாஷை புரியாத கொழும்பு மக்கள் மெட்டில் மயங்கினார்கள். அந்த மயக்கத்தில் வளர்ந்ததுதான் 'நூர்த்தி' எனும் சிங்கள இசை நாடகம். ஜோன் த சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டமைக்க விஸ்வநாத் லௌஜி என்ற இசைக் கலைஞரை இந்தியாவிலிருந்தே வரவழைத்தார்கள். சிங்கள தேசிய உணர்வை ஊட்டிய பாட்டுகளுக்கு ஹிந்துஸ்தானி ராகம்! இதில் வெட்கப்பட யாருக்கும் எதுவும் இல்லை. பிற்காலத்தில் சேலத்திலிருந்து வந்த மொஹிதீன் பேக் சிங்களப் பாடலில் பெற்ற இடமும் இதே வழியில் வந்ததுதான்.

அந்த நூர்த்திக்கென்று ஒரு நிரந்தர வீடாக 1911 டிசம்பரில் திறக்கப்பட்டதே டவர் மண்டபம். கட்டியவர் ஜி. டொன் ஹென்றிக் செனவிரத்ன. முதலில் மேடையேறியது சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. இருபது வருடமளவில் அதற்கு நல்ல காலம். 1931 இல் இந்தியாவில் பேசும் படம் வந்தது. மேடையில் நேரில் பார்த்த பாட்டையும் ஆட்டத்தையும் அதைவிடக் குறைந்த காசுக்குத் திரையில் பார்க்க முடிந்தபோது நாடகம் சரிந்தது. டவர் மண்டபமும் படமாளிகையாக மாறியது.

படமாளிகைகளின் கதையும் ஓர் இனத்துக்குள் அடங்காது. அதே மருதானையில் உள்ள எல்பின்ஸ்டன், கல்கத்தாவின் பார்சி முதலாளி ஜே. எப். மதனின் நிறுவனம் கொண்டுவந்த அரங்கு. 1928 இல் சிலோன் தியேட்டர்ஸை ஆரம்பித்த சிற்றம்பலம் கார்டினர் தமிழர். முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 ஜனவரி 21 இல் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லியில் திரையிடப்பட்டது; அதைத் தயாரித்த எஸ். எம். நாயகமும் தமிழர்.

என் வாப்பா அப்படியொரு படமாளிகையில் டிக்கெட் கிழித்தவர். எந்தப் படமாளிகை என்பது வேண்டாம். உரிமையாளர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் "கம்பனியில் வேலை" என்றுதான் சொன்னார்களாம். உம்மாவுக்கு விஷயம் தெரிய மூன்று மாதமாயிற்று. வாப்பா கலரிக்காரரையும் பல்கனிக்காரரையும் ஒரே மாதிரி "வாங்க" என்பார். ஜும்ஆவுக்குப் போய்விட்டு மெட்னி ஷோவுக்கு ஓடி வருவார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மே மழைக்கு முன்பும் ஒக்டோபர் மழைக்கு முன்பும் ஒரு பையனைக் கூரையில் ஏற்றி, பீலியில் அடைந்த இலையை அள்ள வைப்பார். முதலாளி சொல்லிச் செய்ததில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பழைய படமாளிகைகள் எப்படிச் சாகின்றன என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

படமாளிகை நடுவில் தூண் இல்லாத கட்டடம். தூண் இருந்தால் திரை மறையும். ஆகவே முழுக் கூரையும் நீண்ட மரச் சட்டங்களில் நிற்கிறது; அந்தச் சட்டங்களின் நுனிகள் சுவரில், சரியாகப் பீலிக்குக் கீழே அமர்ந்திருக்கும். பீலி அடைத்தால் தண்ணீர் அந்த நுனியில்தான் இறங்கும். அங்கே மரம் உக்கும், கறையான் ஏறும். ஜன்னல் இல்லாததால் ஈரம் காயாது. தரை திரையை நோக்கிச் சரிவதால் உள்ளே வந்த மழைத்தண்ணீர் முன்வரிசையில் குளமாக நிற்கும். ஆள் வராத ஒரு வீடு பல வருடம் தாங்கும். படமாளிகை தாங்காது. ஒரு நுனி விட்டால் கூரை மொத்தமாக இறங்கும்.

1979 இல் இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது, 1982 இல் ரூபவாஹினி, கூடவே வீடியோ கெசட். 1983 ஜூலையில் தமிழருக்குச் சொந்தமான படமாளிகைகளும் எரிந்தன, கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அதன் பிறகு குண்டுகளுக்குப் பயந்து இரவுக் காட்சிக்கு ஆள் குறைந்தது. வாப்பாவின் படமாளிகை ஒரு நாள் திறக்கப்படவில்லை. அவருக்குக் கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. பிறகு அது களஞ்சியமாயிற்று, பிறகு சுவரில் அரசங்கன்று முளைத்தது. ஒரு ஒக்டோபர் இரவு கூரை இறங்கிய சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. வாப்பா எழுந்து உட்கார்ந்தார். "பீலி" என்றார். பிறகு படுத்துவிட்டார்.

டவர் மண்டபமும் 1970 களில் ஏறக்குறைய இந்த நிலைக்குத்தான் வந்திருந்தது. காப்பாற்றியது கொழும்பு மத்தியின் மக்கள் பிரதிநிதியாக இருந்த ஆர். பிரேமதாசவின் முயற்சி. 1978 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் டவர் மண்டப அரங்க மன்றம் அமைக்கப்பட்டது. பூச்சுப் பூசியதை விட இதுவே முக்கியம் என்பேன். கட்டடத்துக்குச் சட்டப்படி ஓர் உரிமையாளர், ஒரு பாதீடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலை கிடைத்தது. மறுபடியும் அங்கே நாடகம் போட்டார்கள். நாடகம் போடும் இடத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கே யாராவது கத்துவார்கள்.

மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எமது தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 இல் வந்தது. அது 1815 மார்ச் 2 க்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு முற்பட்ட நினைவுச் சின்னங்களையே தானாகப் பாதுகாக்கிறது. அதற்குப் பிந்தியவை வர்த்தமானி மூலம் தனியாக அறிவிக்கப்பட வேண்டும். 1920 களிலோ 50 களிலோ கட்டிய ஒரு படமாளிகைக்காக யார் கோப்பு தூக்கிக்கொண்டு அலைவார்? கொழும்பு 10 இல் ஒரு பேர்ச் காணியின் விலை தெரிந்தவர்கள் நிச்சயமாக அலைய மாட்டார்கள்.

எல்லாப் படமாளிகையையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. சினிமா பற்றி எம்மில் பலருக்கு மார்க்க ரீதியான கருத்து உண்டு, அதையும் மதிக்கிறேன். ஆனால் அங்கே டிக்கெட் கிழித்தவர்கள், ரீல் ஓட்டியவர்கள், வாசலில் கடலை விற்றவர்கள் எம்மவர்களும்தான். இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கிழமையே போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். நான் வாப்பாவிடம் கேட்காமல் விட்டவை நிறைய.

அன்று திரும்பும்போது சைக்கிளை கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் "காமினி ஹோல், காமினி ஹோல்" என்று கத்தினார். மகன் எட்டி எட்டிப் பார்த்தான். "ஹோல் எங்க வாப்பா?" என்றான். இப்போது அங்கே பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றேன்.