நெட்டுக்க வை, குறுக்கே வைக்காதே!

நங்கநல்லூரில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம். மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டுவிட்டு, காக்காயோடு சேர்த்து விமானத்தையும் வேடிக்கை பார்க்கலாம். மீனம்பாக்கம் அவ்வளவு பக்கம்!

போன மாசம் வீட்டில் கன்சீல்டு ஒயரிங். எலக்ட்ரீஷியன் சுவரில் உளியை வைத்ததுமே கொத்தனார் பாய்ந்து வந்தார்.

"யப்பா, நெட்டுக்க கொத்திக்கோ. குறுக்கால நீளமா கொத்தாதே. செவுரு தாங்காது!"

பி.காம். படித்த எனக்கு அன்றைக்குத்தான் விமான சமாசாரம் ஒன்று புரிந்தது. சிரிக்காதீர்கள்!

2001 ஜனவரி 4-ம் தேதி பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது நம் தேஜஸ் போர் விமானம். அதன் உடற்கூட்டு எடையில் சுமார் 45 சதவிகிதம் கூட்டுப்பொருள். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அப்பளம் மாதிரி அடுக்கி, அழுத்தி வேகவைத்தது. அலுமினியத்தைவிட லேசு. ஒரே வில்லங்கம், பட்டால் ஊமைக்காயம்! மேலே வழவழவென்றிருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடி இழையை வைத்து ஒளியை விடுவது. பொருள் இழுபட்டால் திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் மாறும். குட்டு வெளிப்பட்டுவிடும்! பெங்களூர் என்.ஏ.எல். விஞ்ஞானிகள் நிஷாந்த் ஆளில்லா விமானத்தில் இப்படிப்பட்ட ஒளியிழை உணரிகளை வைத்துப் பறக்கவிட்டே பார்த்திருக்கிறார்கள்.

சரி, காவலுக்கு வைத்த ஆளே சுவரை ஓட்டை போட்டால்?

கார்பன் இழையின் பருமன் 5 முதல் 7 மைக்ரான். சாதாரண ஒளியிழையோ 125 மைக்ரான். கிட்டத்தட்ட ஓர் அடுக்கின் தடிமன்! எலிக்கூட்டத்தில் யானை. கார்பன் இழைகளின் போக்கிலேயே நெட்டுக்க வைத்தால் அவை ஒதுங்கி இடம் கொடுக்கும். பலம் பெரிதாகக் குறையாது. குறுக்கே வைத்தால் அதன்மேல் மேடேறி இறங்கும். இரண்டு பக்கமும் வெறும் பிசின் தேங்கி, கண் வடிவில் ஒரு பலவீனம். இழுத்தால்கூடச் சமாளிக்கும், அமுக்கினால் வளைந்த அந்த இழைகள்தான் முதலில் மடங்கும்.

மருந்து? இழையையே மெலிய வைப்பது. ஜப்பானில் பூச்சோடு சேர்த்தே 52 மைக்ரானுக்கு இழை செய்துவிட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஓர் இன்டர்னல் ஆடிட்டர். ஃபைல் போகிற வழியிலேயே குறுக்கே உட்கார்ந்தார். தப்பு எதுவும் நடக்கவில்லை. வேலையும்தான்!

வேவு பார்க்க ஆள் வேண்டியதுதான் சார். ஆனால் மெல்லிசாக, போக்கோடு இருக்க வேண்டும். எங்கள் கொத்தனாரைக் கேளுங்கள்!