இருந்தும் இல்லாத கோப்பு

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. லினக்ஸில் மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்க முனைவோர் பலர், "இசட்லிப்.எச் என்னும் கோப்பு இல்லை" என்ற அறிவிப்பைக் கண்டு திகைப்பர். இசட்லிப் நூலகமோ கணினியில் ஏற்கெனவே இருக்கும்! இது எப்படி?

டெபியன் ஒரு நூலகத்தை இரு பொதிகளாகப் பிரிக்கிறது. ஓடும் மென்பொருளுக்கு வேண்டிய நிரல் ஒன்றில் உள்ளது. அந்நிரலின் செயற்கூறுகளை எவ்வாறு அழைப்பது எனக் கூறும் தலைப்புக் கோப்பு மற்றதில் உள்ளது. இதன் பெயர் 'டெவ்' என முடியும். மூலநிரலை இயந்திர மொழியாக்கும் தொகுப்பி தேடுவது இதனையே.

எனவே முதல் பிழையைக் கவனியுங்கள். அடுத்தவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் பொதியில் உள்ளது என்பதை 'ஆப்ட்-ஃபைல்' கருவி காட்டும். டெபியன் களஞ்சியத்திலேயே உள்ள மென்பொருளாயின், மூலநிரல் களஞ்சியத்தையும் பட்டியலில் சேர்த்தபின், 'ஆப்ட் பில்ட்-டெப்' ஆணை தேவையான பொதிகளை ஒருங்கே நிறுவிவிடும்.

கல்வராயன் மலையில் இணையம் எட்டாத ஊரில் வாழும் மாணவர், ஒவ்வொரு பொதிக்காகவும் மலையிறங்க முடியுமா? கள்ளக்குறிச்சிக்கு வரும்போது ஒருமுறை இவ்வாணையை இட்டுவிட்டால் போதும். பிறகு வெள்ளிமலையில் அமர்ந்து, இணையமின்றியே தொகுக்கலாம்.