மின்பிறப்பாக்கியும் வனத்தின் அமைதியும்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் படுக்கையும் சமையலறையும் கொண்ட வாகனங்களிற் செல்வோர், இயற்கை எழிலை மட்டும் கருதி முகாமிடத்தைத் தெரிவு செய்தல் போதாது. மின்பிறப்பாக்கியை எங்கு, எந்நேரத்தில் இயக்கலாம் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும்.

50 அடி தூரத்தில் 60 டெசிபலை விஞ்சும் இயந்திர ஒலியை அப்பூங்காக்களின் விதிகள் தடை செய்கின்றன. அதற்கு மேலாக முகாமிடத்துக்கு முகாமிடம் நேரக் கட்டுப்பாடுகளும் வேறுபடுகின்றன. கிராண்ட் கன்யனின் மேதர் முகாமிடத்தில் மின்னிணைப்பு இல்லை. மின்பிறப்பாக்கிக்குக் காலையிலும் மாலையிலும் குறுகிய நேரமே அனுமதி உண்டு. ஆனால் அதற்கு அண்மையிலுள்ள ட்ரெய்லர் வில்லேஜில் மின், நீர், கழிவுநீர் இணைப்புகள் மூன்றும் உள்ளன. யெலோஸ்ரோனில் இம்முழு வசதி ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமிடத்தில் கிடைக்கின்றது. கரடிகளின் நடமாட்டம் காரணமாக அங்கு துணிக்கூடாரங்களுக்கு அனுமதியில்லை.

உறக்கத்தில் சுவாசக் கருவியின் துணையை வேண்டும் நோயாளி ஒருவர் உடன் செல்வாராயின், இது வெறும் வசதி பற்றிய விடயமன்று. இரவில் மின்பிறப்பாக்கியை இயக்க முடியாது. ஆகவே மின்னிணைப்புள்ள இடத்தை முற்பதிவு செய்தல் வேண்டும். அன்றேல், இரவு முழுவதற்கும் போதுமான பற்றரியைப் பகலிலேயே மின்னேற்றி வைத்தல் வேண்டும்.

மின்பிறப்பாக்கியின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்றது. உறங்குவோரின் உயிரைப் பறிக்க வல்லது. புகை எவருடைய யன்னலை நோக்கியும் செல்லலாகாது.

விதிகளைச் சுமையெனக் கொள்வோர் உளர். எனினும், அயற் கூடாரத்தில் உறங்கும் குழந்தைக்கும் அவ்வனத்தின் அமைதியில் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.